கையுறையில் விழும் ஓட்டை

அறுவை சிகிச்சைக்கு ரப்பர் கையுறை வந்த கதை மருத்துவ மாணவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியர், பிறகு அவர்கள் இருவரின் திருமணம். காதலில் பிறந்த கையுறை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கதை பொய்யில்லை. ஆனால் கையுறை வந்த அன்றே கைக்கும் காயத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்ற எண்ணத்தை அது கேட்பவர் மனத்தில் விட்டுச் செல்கிறது. அந்தச் சுவர் ஒருநாளும் முழுமையாக எழவில்லை. மெல்லிய ரப்பர் ஊசியில் குத்துப்படும், எலும்பு முனையில் கிழியும், நேரம் ஆக ஆக ஓட்டைகள் கூடும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு வேலை செய்த காலமும் உண்டு, மறந்துவிட்டு வேலை செய்த காலமும் உண்டு. அறுவை அரங்கில் பாதுகாப்பு கூடியது ஓட்டை விழும் என்று முன்கூட்டியே ஏற்று, அதற்கேற்ப வேலைமுறையை மாற்றிக்கொண்டபோதுதான் என்பது என் வாதம். கையுறை மெல்ல மெல்லத் தரம் உயர்ந்த கதையாக மட்டும் இதைப் படித்தால் அந்த உண்மை கண்ணில் படாது.

கையுறைக்கு முன்னால் கை என்ன நிலையில் இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1847 மார்ச்சில், வியன்னாவில் தடயவியல் மருத்துவப் பேராசிரியராக இருந்த யாக்கோப் கொலெட்ச்கா ஒரு பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டுக் காயமடைந்தார். சில நாட்களில் இறந்தும் போனார். அவருடைய பிரேதப் பரிசோதனைக் குறிப்பைப் படித்த நண்பர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவ வார்டில் காய்ச்சல் கண்டு இறந்த தாய்மார்களின் உடலில் பார்த்த அதே மாற்றங்களை அதிலும் பார்த்தார். பிணத்தைத் தொட்ட கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள், சாவு அந்தக் கையில்தான் வருகிறது என்று அவர் முடிவுக்கு வந்ததும், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் பலமுறை எழுதப்பட்டவை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கொலெட்ச்காவின் விரலில் விழுந்த கீறல் வழியே நோய் பிணத்திலிருந்து மருத்துவருக்கு வந்தது. பிரசவ வார்டில் மருத்துவரின் கையிலிருந்து தாய்க்குப் போனது. தோலில் விழும் திறப்புக்கு இரண்டு திசைகள் உண்டு. பின்னால் வந்த கையுறையின் வரலாறு முழுவதிலும் மருத்துவ உலகம் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் பார்த்திருக்கிறது.

1867இல் ஜோசப் லிஸ்டர் அறுவையில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் தன் முறையை வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் கையைச் சுத்தம் செய்வது ஏறத்தாழ ஒரு தண்டனையாகவே மாறிவிட்டது. 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம். முதலில் சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கையை முக்க வேண்டும். அந்தக் கறை போகச் சூடான ஆக்ஸாலிக் அமிலம். கடைசியாக, ஆயிரத்துக்கு ஒரு பங்கு வீதம் கரைத்த பாதரசக் குளோரைடு. அரங்கின் தலைமைச் செவிலியராக இருந்த கரோலின் ஹாம்ப்டனுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. கையிலும் முன்கையிலும் தோல் அழன்று புண்ணானது. 1889–90 குளிர்காலத்தில் ஹால்ஸ்டெட், முன்கை வரை ஏறும்படியான மெல்லிய ரப்பர் கையுறை இரண்டு ஜோடி செய்து தரும்படி குட்இயர் ரப்பர் கம்பெனியைக் கேட்டார். கையுறை நன்றாகவே பயன்பட்டது. மேலும் சில ஜோடிகள் வாங்கினார்கள். 1890 ஜூனில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதன் பிறகு கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்களும் கையுறை அணிந்தார்கள். கருவிகள் கார்பாலிக் அமிலத்தில் கிடந்ததுதான் அதற்குக் காரணம். கத்தி பிடித்த மருத்துவர் வெறுங்கையோடுதான் அறுத்தார், மூட்டைத் திறந்து பார்க்கும் சில அறுவைகளில் மட்டும் விதிவிலக்காகக் கையுறை போட்டார். நோயாளியின் காயத்தைக் காப்பது அப்போது யாருடைய எண்ணத்திலும் இல்லை. கையுறை ஒரு தொழிலாளியின் தோலைக் காக்க வந்த பொருள்.

அதை நோயாளிக்கான பொருளாக மாற்றியவர் ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட். 1890களின் நடுப்பகுதிக்குப் பிறகு அவர் அறுவைதோறும் கையுறை அணியத் தொடங்கினார். 1899இல் குடலிறக்க அறுவைகள் பற்றிய தன் கணக்கை வெளியிட்டார். சுமார் 450 அறுவைகளில், கையுறை இல்லாதபோது 17 சதவீதமாக இருந்த சீழ்பிடிப்பு, கையுறை போட்ட பிறகு 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் கூடுதலாக வாரக்கணக்கில் கிடந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இறக்கம் என்பது புரியும். இதை இன்றைய கட்டுப்பாட்டுச் சோதனைக்குச் சமமாக வைக்க முடியாதுதான். அதே ஆண்டுகளில் அரங்கின் மற்ற வழக்கங்களும் மாறிக்கொண்டிருந்தன, தையல் நுட்பமும் தேறிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வீழ்ச்சி அவ்வளவு செங்குத்தானது, அதில் கையுறைக்குப் பங்கில்லை என்று யாரும் வாதாட முடியாது. 1913இல் இந்தக் கதையைத் தன் கைப்பட எழுதிய ஹால்ஸ்டெட், கையுறை அத்தனை ஆண்டுகள் கண்ணெதிரே இருந்தும் அறுவை செய்பவர் அதை எப்போதும் அணிய வேண்டும் என்பது தங்களுக்குத் தோன்றாமல் போனதை எண்ணி வியந்திருக்கிறார். ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு மறு திசை தெரியாமல் போனதற்கு இதைவிட நேர்மையான சாட்சியம் கிடைக்காது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு கையுறை இருந்தது. ப்ரெஸ்லாவ் நகரில், அதாவது இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃபில், யோஹான் ஃபான் மிக்குலிச் 1897 வாக்கில் கிருமிநீக்கிய பருத்தி நூல் கையுறை அணிந்து அறுவை செய்தார். நூல் கையுறை ஈரத்தை உறிஞ்சும், இரத்தத்தில் நனையும். அதனால் ஒரே அறுவையில் பலமுறை அதை மாற்றினார். அதே ஆண்டு டோர்பாட்டில், இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டுவில், வெர்னர் ஸோகே ஃபான் மான்டாய்ஃபல் கொதிக்கவைத்த ரப்பர் கையுறையைப் பரிந்துரைத்தார். கையைக் கொதிக்கவைக்க முடியாது, ரப்பரைக் கொதிக்கவைக்கலாம். தர்க்கம் வலுவானது, ரப்பர் வென்றது. ஆனால் அன்று ஜெர்மன் மருத்துவர்கள் எழுப்பிய ஒரு சந்தேகம் அந்த வெற்றியின் சத்தத்தில் அமுங்கிவிட்டது. ரப்பருக்குள் கை வியர்க்கும், கழுவிய தோலின் ஆழத்திலிருந்து கிருமிகள் அந்த வியர்வையில் ஏறிவரும், கையுறை குத்துப்பட்டால் அந்த நீர் அப்படியே காயத்தில் வடியும் என்றார்கள். பருத்தியை நம்பியவர் அது கசியும் என்று தெரிந்துதான் நம்பினார், ஆகவே மாற்றிக்கொண்டே இருந்தார். ரப்பரை நம்பியவர்களுக்கு மாற்ற வேண்டிய காரணம் எதுவும் தெரியவில்லை. பொருளாகப் பார்த்தால் ரப்பர் எத்தனையோ மடங்கு மேலானது. ஆனால் குறையுள்ள பருத்தியோடு வந்த எச்சரிக்கையான பழக்கம் ரப்பரோடு வரவில்லை. இன்று, நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அறுவையின் நடுவே கையுறையை மாற்றச் சொல்கிறார்கள். மிக்குலிச்சின் பழக்கம்தான் சுற்றி வந்திருக்கிறது.

ஆனாலும் ஓட்டையை நன்றாக அறிந்த சிலர் அரங்கை ஒட்டிய பின்னறைகளில் இருந்தார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அறுவைக் கையுறை மறுபடி மறுபடி பயன்படுத்தும் பொருளாகவே இருந்தது. அறுவை முடிந்ததும் செவிலியர்களும் உதவியாளர்களும் அவற்றைக் குளிர்ந்த நீரில் இரத்தம் போக அலசி, சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். பிறகு உள்ளே காற்றையோ தண்ணீரையோ நிரப்பி, மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்ப்பார்கள். எங்காவது நீர் முத்தாகத் திரண்டால் அங்கே ஓட்டை. அந்த இடத்தைக் குறித்துவைத்து, பழைய கையுறையிலிருந்து வெட்டிய சிறு வட்டத்தை ரப்பர் பசையால் ஒட்டுவார்கள். தொங்கவிட்டு ஒரு பக்கம் காய்ந்ததும் உள்வெளியாகத் திருப்பி மறுபக்கத்தையும் காயவிட்டு, பவுடர் தூவி, அளவு பார்த்து ஜோடி சேர்த்து, துணியில் மடித்து ஆட்டோகிளேவுக்கு அனுப்புவார்கள். நேற்று எத்தனை கையுறை ஓட்டையானது, எந்த விரலில் விழுந்தது, எந்த வகை அறுவைக்குப் பிறகு அதிகம் கிழிந்து வந்தது என்பதெல்லாம் இந்தப் பெண்களின் கைகளுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவ இதழ்களில் அந்த அறிவு பெரும்பாலும் ஏறவில்லை. ஏறிய இடங்களில் அது பயன் தந்தது. 1939இல் டெவினிஷ், மைல்ஸ் இருவரும் அரங்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி எப்படிக் காயத்துக்குப் போகிறது என்று லான்செட் இதழில் எழுதியபோது, குத்துப்பட்ட கையுறையை ஒரு வழியாகச் சுட்டிக்காட்டினார்கள்.

(பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. கையுறை எளிதாக ஏறுவதற்காக முதலில் லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளையும், பிறகு டால்க்கையும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோள மாவையும் தூவினார்கள். மூன்றுமே காயத்துக்குள் விழுந்து திசுக்களில் கட்டியையும் ஒட்டுதலையும் உண்டாக்கியதாகப் புகார் வந்தது. அமெரிக்கா பவுடர் கையுறையைத் தடை செய்தது 2017 ஜனவரியில்தான். கையுறையோடு வந்த தீங்கு ஒன்றை ஏற்றுக்கொள்ள இத்தனை காலம் பிடித்திருக்கிறது.)

1960களின் நடுவில் ஒருமுறை போட்டு எறியும் கையுறை வந்தது. தொழிற்சாலையிலேயே கதிர்வீச்சால் கிருமிநீக்கி, ஜோடியாக உறையிட்டு அனுப்பினார்கள். இது சாத்தியமானதற்குப் பின்னால் மலிவான ரப்பர் பால் இருந்தது. அந்த மலிவுக்குப் பின்னால் தமிழர்களின் உழைப்பு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்காணிகள் திரட்டிக் கப்பலேற்றிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டிய மலாயாதான், பின்னால் உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை உற்பத்தி நாடாக ஆனது. எறியும் கையுறையின் நன்மைகளை மறுக்க முடியாது. திரும்பத் திரும்பச் சூடேற்றியதில் வலுவிழந்த ரப்பர் ஒழிந்தது, ஒட்டுப்போட்ட விரல் ஒழிந்தது, அரைகுறையாகக் கழுவிய இரத்தம் அடுத்த நோயாளியிடம் போவது ஒழிந்தது. ஆனால் அதோடு சோதனையும் ஒழிந்தது. அறுவை முடிந்ததும் கையுறையைக் கழற்றிக் கூடையில் போடுகிறோம். அதில் ஓட்டை இருந்ததா என்று பார்ப்பதற்கு யாருக்கும் காரணமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கணக்கிலிருந்தும் போய்விட்டது. ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்கள், ஊசி குத்தியது தங்களுக்கு உறைத்தால்தான் கையுறை ஓட்டையாகியிருக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தார்கள்.

பழைய முறையே மேல் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வறுமை காரணமாகக் கையுறையைக் கழுவி மறுபடி பயன்படுத்திய மருத்துவமனைகளில் நோயாளிகள் கொடுத்த விலை பெரிது, உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பொருள் மேம்படும்போது அதைச் சுற்றி இருந்த கண்காணிப்பு சத்தமில்லாமல் கழன்றுபோகலாம், அதை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பதுதான் சொல்ல வந்தது. திரும்பக் கொண்டுவந்தது எய்ட்ஸ் பயம். 1981இல் அமெரிக்காவில் நோய் பதிவானது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1987இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதி வேலை செய்யச் சொன்னது. கையுறை மறுபடியும் கரோலின் ஹாம்ப்டனின் காலத்துத் திசைக்குத் திரும்பியது, அணிபவரின் உடலைக் காக்கும் பொருளானது. ஆய்வாளர்கள் எறிந்த கையுறைகளைப் பொறுக்கியெடுத்து, பழைய செவிலியர்களைப் போலவே தண்ணீர் நிரப்பி விரல் விரலாக அழுத்திப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்டது கலக்கமூட்டுவது. ஓட்டைகளில் பெரும்பாலானவை அணிந்தவருக்கே தெரியாமல் விழுந்திருந்தன. ஊசி பிடிக்காத கையின் ஆள்காட்டி விரலில்தான் அதிகம் விழுந்தன. வலக்கைக்காரர் தைக்கும்போது திசுவைத் தாங்கியும் ஊசி முனையைத் தேடியும் போவது இடக்கை விரல்தானே. எலும்பு அறுவைகளில் எண்ணிக்கை இன்னும் ஏறியது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், 90 நிமிடம் வரை அணிந்த கையுறைகளில் 15.4 சதவீதத்திலும், 91 முதல் 150 நிமிடம் வரை அணிந்தவற்றில் 18.1 சதவீதத்திலும், அதற்கும் மேல் அணிந்தவற்றில் 23.7 சதவீதத்திலும் நுண்துளைகள் இருந்தன. அவற்றை அணிந்தவர்கள் திறமை குறைந்த மருத்துவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதுக் கையுறையும் முழுக் காப்பில்லை. தொழிற்சாலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள். அறுவைக் கையுறைக்குப் பரவலாக ஏற்கப்படும் தர அளவு 1.5 சதவீதம். அதாவது நூற்றுக்கு ஒன்றிரண்டு கசிந்தாலும் அந்தத் தொகுதி தேறிவிடலாம். ஓட்டையை ஒரு கவனக்குறைவாக, யாரோ ஒருவரின் கைத்தவறாகப் பார்க்கும் வழக்கத்துக்கு இந்த எண்கள் இடம் தருவதில்லை. மூன்று மணி நேர அறுவையில் ஓட்டை என்பது வேலையின் இயல்பான பகுதி.

இருக்கட்டும், அந்த ஓட்டையால் நோயாளிக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் வலுவான சான்றும் உண்டு. கனடாவில் குரூஸ், ஃபூர்ட் இருவரும் 23,649 அறுவைக் காயங்களைத் தொடர்ந்து கவனித்து 1973இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், கையுறை குத்துப்பட்டதால் சீழ்பிடிப்பு கூடியதாகத் தெரியவில்லை. கைகழுவும் மருந்துகள் நன்றாக முன்னேறிவிட்டன, கையுறைக்குள் இருக்கும் தோலில் கிருமி குறைவு, ஆகவே ஓட்டை வழியே போக ஒன்றுமில்லை என்பது அவர்கள் வழியில் வரும் விளக்கம். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 4,147 அறுவைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு இன்னொரு அடுக்கைக் காட்டியது. அறுவைக்கு முன் நோய்த்தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுத்த நோயாளிகளிடம் கையுறை ஓட்டை பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கொடுக்காதவர்களிடம், ஓட்டை விழுந்தபோது தொற்றின் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. ஓட்டை தீங்கற்றது என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. அதன் தீங்கை வேறொரு மருந்து மறைத்துக்கொண்டிருக்கிறது என்றே முடிவு செய்ய வேண்டும். அந்த மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிக்கொண்டிருக்கும் காலத்தில், கையுறை செய்ய வேண்டிய வேலையையும் ஆன்டிபயாடிக்கின் தலையில் வைப்பது ஆபத்தான கணக்கு. தவிர, அந்த ஓட்டை வழியாக நோயாளியின் இரத்தம் மருத்துவரின், செவிலியரின் தோலுக்கு வருவதை எந்த ஆன்டிபயாடிக்கும் நிறுத்துவதில்லை.

ஓட்டை விழும் என்று ஏற்றுக்கொண்டு செய்த மாற்றங்களில் எளிமையானது இரண்டு கையுறை போடுவது. வெளிக் கையுறை குத்துப்பட்டாலும் உள்ளது பெரும்பாலும் தப்புகிறது. ஊசி ரப்பரைத் துளைத்துப் போகும்போது அதன் மேல் இருக்கும் இரத்தத்தில் பெரும்பகுதி வழித்தெடுக்கப்படுகிறது, ஒரே கையுறையே ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ வழித்துவிடுகிறது என்று 1993இல் சோதித்துக் காட்டினார்கள். 2014இல் காக்ரேன் அமைப்பு 34 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு கையுறை போட்டவர்களின் உள் கையுறையில் ஓட்டைகள் 71 சதவீதமும், தோலில் படும் இரத்தக் கறை 65 சதவீதமும் குறைந்திருந்தன. உள்ளே பச்சை போன்ற அடர்நிறக் கையுறை போட்டால், வெளியில் ஓட்டை விழுந்ததும் ஈரம் புகுந்து அந்த இடம் கருத்துக் காட்டிவிடும். பின்னறைச் செவிலியர் தண்ணீர் நிரப்பிக் கண்டதை அறுவை நடக்கும்போதே கண்ணுக்குக் காட்டும் ஏற்பாடு இது, எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த கண்டுபிடிப்பும் இதுதான்.

இரண்டு போட்டால் விரல் மரத்துவிடும், நாடி தெரியாது, முடிச்சு வழுக்கும் என்பது அறுவை மருத்துவர்களின் முக்கிய ஆட்சேபம். 1890களில் முதல் கையுறைக்கும் இதையேதான் சொன்னார்கள் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. நுண்ணறுவை செய்யும் விரலுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் முக்கியம்தான். ஆனால் கை உணர்வு உண்மையில் கெட்டிருந்தால் தடுமாற்றத்தில் வெளிக் கையுறை அதிகம் கிழிய வேண்டும். தொகுப்பாய்வுகளில் அப்படிக் கிழியவில்லை. தொடக்கத்தில் இடைஞ்சல் இருக்கிறது, பழகியதும் போய்விடுகிறது என்பதே பெரும்பாலோர் அனுபவம். பயிற்சியின் முதல் நாளிலிருந்தே இரண்டு போட்டு வளரும் மாணவருக்கு அந்த இடைஞ்சலே தெரியாது. இன்னொரு ஆட்சேபம் கனமானது. இரண்டு கையுறையால் நோயாளியின் தொற்று குறைகிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று சொல்லி, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதில் பரிந்துரை எதுவும் தராமல் நிறுத்திக்கொண்டது. அது நேர்மையான முடிவு. ஆனால் கேள்வி நோயாளியின் காயத்தை மட்டும் பற்றியது. அதே கையுறைக்குள் இருப்பவரின் பக்கத்திலிருந்து கேட்டால் சான்று போதுமான அளவு இருக்கிறது, அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி இரட்டைக் கையுறையைப் பரிந்துரைப்பதும் அதனால்தான். வயிற்றுச் சுவரைத் தைக்க முனை மழுங்கிய ஊசி பயன்படுத்துவது (கையுறை ஓட்டையைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது), கருவியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்காமல் நடுவில் ஒரு தட்டில் வைத்து எடுப்பது போன்றவையும் இதே சிந்தனையின் பிள்ளைகள்.

நோயாளியின் பக்கத்துக்கான சான்று 2022இல் வந்தது, அதுவும் பணக்கார நாடுகளிலிருந்து வரவில்லை. இந்தியா, கானா, நைஜீரியா, பெனின், ருவாண்டா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ ஆகிய ஏழு நாடுகளின் 81 மருத்துவமனைகளில், வயிற்று அறுவை செய்துகொண்ட 13,301 பேரை வைத்து நடந்த சோதனை அது. மாற்றம் ஒன்றே ஒன்று. வயிற்றுச் சுவரை மூடுவதற்குச் சற்று முன் அறுவைக் குழு முழுவதும் கையுறையை மாற்ற வேண்டும், புதுக் கருவிகளை எடுக்க வேண்டும். வழக்கமான முறையில் 18.9 சதவீதம் பேருக்கு அறுவைக் காயத்தில் தொற்று வந்தது, மாற்றிய இடங்களில் 16.0 சதவீதம் பேருக்கு. இதில் கையுறையின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஓட்டை குறைந்ததால் எவ்வளவு, வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த குடல் கிருமி போனதால் எவ்வளவு என்றும் பிரிக்க முடியாது. ஆனால் யாரும் ஓட்டையைத் தேடவில்லை, யாருக்காவது குத்து உறைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை, கையுறை கெட்டுவிட்டதா என்ற கேள்வியே எழவில்லை. இந்த நேரத்துக்குள் அது கெட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டு மாற்றினார்கள். அதனால் நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் சீழ்பிடித்த வயிற்றோடு வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதிலிருந்து தப்பினார்கள்.

அரசு மருத்துவமனைகளில் இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம், அது நியாயமான கேள்விதான். ஓர் அறுவையில் கத்தி பிடிப்பவர், உதவியாளர், ஸ்க்ரப் நர்ஸ் என்று மூன்று பேர் என்றால், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, நடுவில் ஒரு மாற்று என ஒன்பது ஜோடி வேண்டும். இன்று மூன்றோ நான்கோ போதும் என்று இண்டென்ட் போடுகிற இடத்தில் இது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் காயம் சீழ்பிடித்த ஒருவர் கூடுதலாகப் படுக்கும் நாட்கள், மறுபடி திறந்து கழுவும் செலவு, விலை உயர்ந்த ஆன்டிபயாடிக், கூலி வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் மாதங்கள் ஆகியவை ஸ்டோரின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. கையுறையின் விலை மருத்துவமனையின் கணக்கில் வருகிறது, ஓட்டையின் விலை நோயாளியின் குடும்பக் கணக்கிலும் செவிலியரின் உடலிலும் வருகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் அதிகாரி யாரும் ஒன்பது ஜோடியை வீண்செலவு என்று அடிக்க மாட்டார். முதலில் செய்ய வேண்டியதும் மலிவானதுதான்: மாதத்தில் ஒருநாள், கழற்றிய கையுறைகளை மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பையில் போடுவதற்கு முன், ஒரு வாளித் தண்ணீரோடும் உரிய பாதுகாப்போடும் நிரப்பிப் பார்த்து, எத்தனை கசிந்தன என்று தியேட்டர் நோட்டில் எழுதிவைப்பது.